புற்றுநோய்க் கிளினிக்குக்குப் புதிதாகச் செல்பவர்களுக்கு...

பத்திரிகைக் காரியாலயத்தில் பணியாற்றிய நீண்ட காலத்தில், மறைந்தவர்களைப் பற்றிய செய்திக்குறிப்புகளைச் செவ்வைப்படுத்தும் வேலை அவ்வப்போது என்னிடம் வந்து சேர்வதுண்டு. மரணத்துக்கான காரணத்தைக் கேட்டால், மாரடைப்பு என்றோ விபத்து என்றோ உறவினர்கள் தயக்கமின்றிச் சொல்வார்கள். புற்றுநோயாக இருந்தால் மாத்திரம் குரல் தாழ்ந்துவிடும். "நீண்டகாலம் சுகவீனமுற்றிருந்தார் எண்டு மட்டும் போடுங்கோ" என்பார்கள். அந்த நோயின் பெயர் அச்சில் வந்தால் மறைந்தவருக்கு இழுக்கு, மகளின் கலியாணப் பேச்சுக்கு இடையூறு என்ற எண்ணம் அவர்களுக்கு. பெயரைச் சொல்லாத சமூகத்தில் அந்த நோய் வந்தவர் என்ன செய்ய வேண்டும் என்பதை எவரும் எவருக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை. ஒவ்வொருவரும் முதலாவது ஆளாகவே கிளினிக்குக்குப் போகிறார்கள்.

2018ஆம் ஆண்டில் அந்த வரிசையில் நானும் போய் நிற்க வேண்டியதாயிற்று. அப்போது எனக்கு வயது 66. காரணமின்றி இரத்தம் குறைந்திருந்ததால் மேற்கொண்ட பரிசோதனையில் பெருங்குடலில் கட்டியொன்று இருப்பது தெரியவந்தது. சத்திரசிகிச்சையில் அதை அகற்றினார்கள். அருகிலிருந்த நிணநீர்க் கணுக்கள் சிலவற்றிலும் நோய் பரவியிருந்ததால், மூன்றாம் நிலை என்று முடிவு செய்து கொழும்பிலுள்ள அரசாங்க வைத்தியசாலையொன்றின் புற்றுநோய்ப் பிரிவுக்கு அனுப்பி வைத்தார்கள். சுமார் ஆறு மாதங்கள் கீமோ சிகிச்சை. அதன் பின்னர் ஐந்து வருடக் கண்காணிப்பு. அந்தக் காலத்தில் மர வாங்குகளில் காத்திருந்தபோது கண்டவற்றையும் கேட்டவற்றையும், புதிதாகச் செல்பவர்களுக்குப் பயன்படக்கூடும் என்பதால் இங்கே எழுதுகிறேன். நான் வைத்தியன் அல்லன். உங்கள் வைத்தியர் சொல்வதற்கு மாறாக இதில் ஏதேனும் இருந்தால் அவர் சொல்வதையே கேளுங்கள்.

எங்கே செல்வது?

இலங்கையில் புற்றுநோய்ச் சிகிச்சை என்றால் நீண்டகாலமாக எல்லோருக்கும் நினைவுக்கு வருவது மகரகமதான். தேசிய புற்றுநோய் நிறுவகம் என்று அறியப்பட்ட அந்த வைத்தியசாலை இன்று அபேக்‌ஷா வைத்தியசாலை என்று அழைக்கப்படுகின்றது. போர்க்காலத்தில் வடக்கிலிருந்து அங்கு வருவது நோயைவிடப் பெரிய துன்பமாக இருந்தது. 2006 ஆகஸ்டில் ஏ-9 வீதி மூடப்பட்ட பின்னர், அனுமதிப் பத்திரத்துக்காகக் காத்திருந்து கப்பலிலும் விமானத்திலும் வந்தவர்களை நான் சந்தித்து எழுதியிருக்கிறேன். மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஏற்றவேண்டிய மருந்துக்கு அப்படி எத்தனை தடவைதான் வருவது?

இன்று நிலைமை வேறு. 2011ஆம் ஆண்டில் தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை நடந்து பொதுமக்களிடம் திரட்டிய நிதியைக்கொண்டு தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை அமைக்கப்பட்டது. சிங்களக் கிராமத்து மக்கள் கொடுத்த சில்லறைக் காசும் அதன் சுவர்களில் இருக்கின்றது என்பதை நாம் மறக்கக்கூடாது. மட்டக்களப்பு, கண்டி, காலி கராப்பிட்டிய, அநுராதபுரம், பதுளை ஆகிய இடங்களிலும் புற்றுநோய்ப் பிரிவுகள் உள்ளன. ஆகவே, சிகிச்சையின் ஒரு பகுதியையாவது உங்கள் வீட்டுக்கு அருகில் பெறமுடியுமா என்பதை முதல் நாளிலேயே கேளுங்கள். சில கதிர்வீச்சுச் சிகிச்சைகளுக்கும் விசேட ஸ்கான்களுக்கும் மகரகம செல்ல வேண்டியிருந்தாலும், கீமோவையும் கண்காணிப்பையும் அருகிலேயே தொடர முடிவதுண்டு. கேட்காவிட்டால், தொடங்கிய இடத்துக்கே கடைசிவரை அலைய நேரும்.

கோவையும் கொப்பியும்

கிளினிக்கில் உங்களை அறிந்தவர் எவருமில்லை. உங்கள் கடதாசிகளைத்தான் அவர்கள் அறிவார்கள். சத்திரசிகிச்சையின் பின்னர் தரப்பட்ட டயக்னோசிஸ் கார்ட், பயொப்சி அறிக்கை, சி.ரி. ஸ்கான் படங்களும் அறிக்கையும், இரத்தப் பரிசோதனை முடிவுகள், வேறு நோய்களுக்காக எடுக்கும் மருந்துகளின் பட்டியல் ஆகியவற்றைத் திகதி வரிசையில் ஒரு கோவையில் இடுங்கள். எல்லாவற்றுக்கும் போட்டோப் பிரதி எடுத்து வீட்டில் வையுங்கள். கைத்தொலைபேசியில் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். இவற்றுள் முக்கியமானது பயொப்சி அறிக்கை. அது இல்லாமல் பொதுவாக எந்த வைத்தியரும் கீமோவைத் தொடங்கமாட்டார். தனியார் ஆய்வுகூடத்தில் பயொப்சி செய்திருந்தால், மெழுகில் பதித்த திசுத்துண்டை அவர்கள் பாதுகாத்து வைத்திருப்பார்கள். மேலதிகச் சோதனைக்காகப் பின்னர் அது கேட்கப்படலாம். எங்கே இருக்கின்றது என்பதை அறிந்து வையுங்கள்.

முதல் நாளிலேயே மருந்து தொடங்கிவிடும் என்று எண்ணிச் செல்பவர்கள் ஏமாற்றத்துடன் திரும்புவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். முதல் நாள் பெரும்பாலும் பதிவுக்கும் பரிசோதனைக்கும் உரியது. இன்னும் ஒரு ஸ்கான், இன்னும் ஓர் இரத்தப் பரிசோதனை என்று எழுதித் தருவார்கள். அது அலைக்கழிப்பு அன்று. நோயின் வகையும் அது பரவிய தூரமும் தெரியாமல் மருந்தைத் தீர்மானிக்க முடியாது. சத்திரசிகிச்சை முதலிலா, கீமோ முதலிலா, கதிர்வீச்சு வேண்டுமா என்பதைச் சில வேளைகளில் பல வைத்தியர்கள் கூடியிருந்து முடிவு செய்வார்கள். அதற்குச் சில நாட்கள் செல்லும்.

ஆனால், உங்கள் முறை வந்து வைத்தியரின் முன்னால் அமரும்போது கிடைக்கும் நேரம் சில நிமிடங்கள்தான். வெளியே நூறு பேர் காத்திருப்பார்கள். எனவே கேள்விகளை முன்கூட்டியே கொப்பியில் எழுதிச் செல்லுங்கள். பத்திரிகைத் தொழிலுக்கு வந்த முதல் வாரத்தில் எங்களுக்குக் கற்பித்தவை யார், என்ன, எங்கே, எப்போது, ஏன், எப்படி என்ற கேள்விகள். அவற்றை நான் கிளினிக்குக்கும் கொண்டு சென்றேன். எனக்கு வந்திருப்பது என்ன வகைப் புற்றுநோய்? எந்த நிலை? இந்தச் சிகிச்சை குணப்படுத்துவதற்கா, கட்டுப்படுத்துவதற்கா? எத்தனை முறை, எவ்வளவு காலம்? மருந்தின் பெயர் என்ன? வீட்டில் எது நடந்தால் உடனே வரவேண்டும்? இரவில் யாரை அழைப்பது? மருந்து ஏறிய பின்னர் கேட்பதில் பயனில்லாத கேள்வியொன்றும் உண்டு: இளம் வயதினராயின், இனிமேல் பிள்ளை பெறும் வாய்ப்பைப் பாதிக்குமா, அதற்கு முன்கூட்டியே ஏதேனும் செய்ய முடியுமா என்பது. எங்கள் பெண்கள் இதைக் கேட்கக் கூச்சப்படுவார்கள். உடன் செல்பவர்கள் கேளுங்கள்.

நான்காம் நிலை என்று சொன்னால் மரணத்துக்குத் திகதி குறித்துவிட்டதாக எண்ணிக்கொள்ளாதீர்கள். நோய் தொடங்கிய உறுப்புக்கு அப்பால் தூர உறுப்புகளுக்கும் பரவியிருக்கின்றது என்பதே அதன் பொருள். அதன் பின்னரும் பல வருடங்கள் வாழ்பவர்கள் இருக்கிறார்கள்; சில மாதங்களில் போய்விடுபவர்களும் இருக்கிறார்கள். உங்கள் விடயத்தில் என்ன எதிர்பார்க்கலாம் என்பதை வைத்தியரிடம்தான் கேட்க வேண்டும்.

மொழி

தமிழ் நோயாளருக்கு இது தனிப் பிரச்சினை. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தின்படி தமிழும் இந்நாட்டின் அரச கரும மொழி. ஆனால் மருந்தை எப்போது, எத்தனை குளிசை என்று சிங்களத்தில் சொல்லும்போது சட்டப்புத்தகம் உதவிக்கு வராது. சிங்களமோ ஆங்கிலமோ தெரிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். அந்த ஒருவர் முடிந்தவரை ஒவ்வொரு முறையும் அதே ஆளாக இருப்பது நல்லது. பத்து வயதுப் பேரப்பிள்ளையைக் கொண்டு மொழிபெயர்ப்பிக்காதீர்கள். குழந்தையின் வாயால் வரக்கூடாத சொற்கள் அங்கே பேசப்படும்.

உண்மையை மறைத்தல்

முல்லைத்தீவுப் பக்கத்திலிருந்து வந்த முதியவர் ஒருவர் எனக்கு அருகில் அடிக்கடி அமர்வார். வயது எண்பதை நெருங்கியிருந்தது. பிள்ளைகளில் ஒருவர் உள்ளூரில், மற்றவர்கள் வெளிநாட்டில். ஒருநாள் மகன் தேநீர் வாங்கச் சென்றிருந்தபோது அவர் என் பக்கம் சாய்ந்து கேட்டார்:

"தம்பி, எனக்கு வயித்துப் புண் எண்டுதான் பிள்ளையள் சொல்லினம். புண்ணுக்கு ஏன் இவ்வளவு பெரிய போத்தில் ஏத்தினம்?"

அவருடைய பிள்ளைகள் அன்பினால்தான் மறைத்தார்கள். அதிலே எனக்குச் சந்தேகமில்லை. ஆயினும் கிளினிக்கின் வாசலிலே மூன்று மொழிகளிலும் புற்றுநோய்ப் பிரிவு என்று எழுதியிருக்கின்றது. அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும். தெரிந்ததைத் தெரியாதவர்போல அவர் பிள்ளைகளுக்காக நடித்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் அவருக்காக நடித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஐயா, அதை நான் சொல்லுறது முறையில்லை. நீங்களே டொக்டரிட்டைக் கேளுங்கோ. கேட்டால் சொல்லுவார்" என்றேன்.

"எனக்குச் சிங்களம் வராது தம்பி. நீங்கள் கேட்டுச் சொல்லுவியளோ?"

மகன் திரும்பி வந்ததும் முதியவர் அவனிடம் நேரடியாகவே சொன்னார், தனக்குத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று. மகன் என்னை ஒரு பார்வை பார்த்தான். கோபம் இருந்தது. எனினும் தகப்பனுக்கு முன்னால் மறுத்துப் பேசவில்லை. உள்ளே சென்றபோது என்னையும் அழைத்தார்கள். வைத்தியர் இளவயதினர். அவர் உடனே எதையும் சொல்லிவிடவில்லை. "ஐயாவுக்கு எவ்வளவு தெரியவேண்டும்? எல்லாமா, தேவையானது மட்டுமா?" என்று கேட்கச் சொன்னார். முதியவர் சிறிது நேரம் யோசித்துவிட்டு, "மாரிக்கு முன்னம் செய்து முடிக்க வேண்டிய அலுவல் ஒண்டு கிடக்கு. அதுக்குக் காணுமான அளவு சொல்லச் சொல்லுங்கோ" என்றார்.

அலுவல் என்னவென்றால், இடப்பெயர்வுகளுக்குப் பின்னர் மீளக் கிடைத்த காணிக்கு உறுதி முடிப்பது. தகப்பனை இழந்த பேத்தி ஒருத்தியின் பெயரில் அதை எழுதிவிட வேண்டும் என்பது அவருடைய எண்ணம். வயிற்றுப் புண்தானே, மாறிய பிறகு பார்க்கலாம் என்று வீட்டில் ஒத்திப்போட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள். வைத்தியர் உண்மையைச் சொன்னார். இந்த மருந்து நோயை அகற்றாது, சில மாதங்களுக்குத் தணித்து வைக்கும் என்றார். நான் அதைத் தமிழில் சொன்னேன். தொழில் வாழ்க்கையில் எத்தனையோ உரைகளை மொழிபெயர்த்திருக்கிறேன். அந்த ஒரு வாக்கியத்துக்கு எடுத்துக்கொண்ட நேரத்தை வேறெதற்கும் எடுத்துக்கொண்டதில்லை.

அடுத்த முறைக்கு அடுத்த முறை அவர் வரவில்லை. மகன் தொலைபேசியில் அழைத்தான். ஊரிலே நொத்தாரிசுவிடம் சென்று காணி அலுவலை முடித்துவிட்டாராம். மருந்து போதும், வீட்டில் இருக்கப் போகிறேன் என்று அவரே தீர்மானித்துவிட்டாராம். சில மாதங்களின் பின்னர் காலமானார் என்று அறிந்தேன். அந்தப் பேத்திக்கு இன்று ஒரு துண்டு நிலம் இருக்கின்றது.

எல்லா நோயாளருக்கும் எல்லாவற்றையும் சொல்லியே ஆகவேண்டும் என்பதன்று என் வாதம். தெரிந்துகொள்ள விரும்பாதவர்களும் இருக்கிறார்கள். அதுவும் அவர்களுடைய உரிமை. ஆனால் விருப்பமா இல்லையா என்பதை அவரிடமே கேட்க வேண்டும். பிள்ளைகள் கூடி முடிவு செய்யும் விடயம் அன்று அது.

மருந்து ஏறும் காலம்

கீமோ என்றதும் எல்லோருக்கும் தலைமுடிதான் நினைவுக்கு வரும். எல்லா மருந்துக்கும் முடி கொட்டுவதில்லை. எனக்கு ஐதாகியது, அவ்வளவுதான். கொட்டுபவர்களுக்கு வழக்கமாக இரண்டு, மூன்று வாரங்களில் தொடங்கும். சிகிச்சை முடிந்ததும் பெரும்பாலும் மீண்டும் வளரும். எனக்குத் தந்தது ஒக்சாலிபிளாட்டின் என்ற ஏற்றும் மருந்தும் கபசிட்டபின் என்ற குளிசையும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை மருந்து ஏறும்; குளிசை பதினான்கு நாட்கள், பின்னர் ஏழு நாட்கள் ஓய்வு. அப்படி எட்டுச் சுற்றுகள். ஒக்சாலிபிளாட்டின் ஏறிய சில நாட்களுக்குக் குளிர்ந்த எதையும் தொட முடியாது. கொழும்பு வெயிலில் பிரிட்ஜிலிருந்து தண்ணீர்ப் போத்தலை எடுத்தால் விரல்களில் ஊசி குத்தும். ஒரு மிடறு குடித்தால் தொண்டை அடைத்ததுபோல் இருக்கும். எனக்கு இது முன்கூட்டியே சொல்லப்பட்டிருந்ததால் பயப்படவில்லை. எனக்குப் பின்னால் வந்த ஒருவருக்கு எவரும் சொல்லவில்லை. மூச்சு நின்றுவிடப்போகிறது என்று நள்ளிரவில் வீட்டையே எழுப்பிவிட்டார். மருந்தின் பெயரைக் கேட்டு, அதன் பக்கவிளைவுகளையும் கேளுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். விரல் நுனிகளில் விறைப்பு எனக்கு இன்னமும் சிறிது உண்டு. சேர்ட் பொத்தானைப் பூட்ட நேரம் எடுக்கும்.

மருந்து ஏறும்போது ஊசி ஏற்றிய இடத்தில் எரிவோ வீக்கமோ தோன்றினால் பொறுத்துக்கொள்ளாதீர்கள். தாதியை உடனே அழையுங்கள். சில மருந்துகள் நரம்புக்கு வெளியே கசிந்தால் தசையைப் புண்ணாக்கிவிடும். "மிஸ்ஸிக்குக் கரைச்சல் குடுக்கக்கூடாது" என்ற எங்கள் மரியாதை அங்கே ஆபத்தானது.

இந்தக் கட்டுரையில் ஒரேயொரு விடயத்தை மட்டும் நினைவில் வைத்திருக்க முடியுமானால் அது இதுவாக இருக்கட்டும்: கீமோ காலத்தில் காய்ச்சல் சாதாரண காய்ச்சல் அன்று. மருந்து ஏறிய ஏழாம் நாள் முதல் பதினான்காம் நாள் வரையில் பெரும்பாலும் வெள்ளைக் குருதிக் கலங்கள் மிகக் குறைந்திருக்கும். அப்போது தொற்று ஏற்பட்டால் சில மணித்தியாலங்களில் உயிருக்கே ஆபத்தாகலாம். வீட்டில் ஒரு வெப்பமானி வைத்திருங்கள். 38 பாகை செல்சியஸ், அதாவது 100.4 பாகை பரன்ஹைட்டை எட்டினால் பனடோல் போட்டுவிட்டுப் படுக்காதீர்கள். விடியட்டும் என்றும் காத்திருக்காதீர்கள். அருகிலுள்ள பெரிய அரசாங்க வைத்தியசாலையின் அவசரப் பிரிவுக்குச் சென்று, முதல் வாக்கியமாகவே "கீமோ எடுக்கும் நோயாளி, காய்ச்சல்" என்று சொல்லிக் கொப்பியைக் காட்டுங்கள்.

இதே காரணத்தினால்தான் ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னர் இரத்தம் பரிசோதிக்கிறார்கள். எண்ணிக்கை குறைவாக இருந்தால் ஒரு வாரம் பொறுத்து வரச் சொல்வார்கள். இரவு முழுவதும் பஸ்ஸில் வந்தவர்களுக்கு அது பெரும் மனச்சோர்வைத் தரும். ஆனால் ஒரு வாரத் தாமதத்தால் நோய் வென்றுவிட்டது என்று பொருளில்லை.

கதிர்வீச்சுச் சிகிச்சை பெறுவோர் பெரும்பாலும் திங்கள் முதல் வெள்ளி வரை தினமும், சில வாரங்களுக்குச் செல்ல வேண்டியிருக்கும். தோலில் இடும் அடையாளக் கோடுகளை அழித்துவிடக்கூடாது. வெளியிலிருந்து இயந்திரத்தால் தரப்படும் கதிர்வீச்சு உடலில் தங்குவதில்லை. வீட்டுக்கு வந்து பேரப்பிள்ளையைத் தாராளமாக மடியில் வைத்துக்கொள்ளலாம். குழந்தைகளைத் தள்ளி வைத்துவிட்டுத் தனியறையில் அழுத தாய்மாரை நான் அறிவேன்.

உணவும் நாட்டு மருந்தும்

நோய் வந்த செய்தி பரவியதும் வீட்டுக்கு வருபவர்கள் ஒவ்வொருவரும் ஒரு பத்தியம் கொண்டு வருவார்கள். சீனியை நிறுத்தினால் கட்டி பட்டினியால் சாகும் என்பார் ஒருவர். மீனும் முட்டையும் கூடாது என்பார் மற்றொருவர். காட்டு ஆத்தாப் பழமும் பப்பாசி இலைச் சாறும் கீமோவைவிடச் சிறந்தவை என்பார் இன்னொருவர். இவற்றைக் கேட்டு மெலிந்து, மருந்தைத் தாங்கும் வலுவின்றிச் சிகிச்சையை இடையில் நிறுத்தியவர்கள் உண்டு. நன்றாக வேகவைத்த மீன், முட்டை, பருப்பு, கஞ்சி என்று முடிந்ததைச் சிறிது சிறிதாக உண்ணுங்கள். கொதித்தாறிய நீரைக் குடியுங்கள். பச்சைச் சம்பல், வெளிக்கடை உணவு ஆகியவற்றைச் சிகிச்சைக் காலத்தில் தவிர்ப்பது நல்லது. கசாயம் ஏதும் குடிப்பதாயின் வைத்தியரிடம் மறைக்காதீர்கள். சில மூலிகைகள் ஈரலைத் தாக்கும்; சில, மருந்தின் வேலையைக் கெடுக்கும்.

பணம்

அரசாங்க வைத்தியசாலைகளில் புற்றுநோய்ச் சிகிச்சை இலவசம். இந்த ஏழை நாடு பெருமைப்படக்கூடியவற்றுள் அதுவும் ஒன்று. எனினும் 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது மருந்துகள் தட்டுப்பட்டு, நோயாளர்கள் துண்டுடன் மருந்தகம் மருந்தகமாக ஏறி இறங்கியதை நாடே கண்டது. வெளியே வாங்க வேண்டி வந்தால் காணியை ஈடு வைப்பதற்கு முன்னர் வைத்தியரிடம் இரண்டு விடயங்களைக் கேளுங்கள்: இந்த மருந்தால் எனக்கு எவ்வளவு பயன்? இதற்கு மாற்று உண்டா? ஜனாதிபதி நிதியத்திலிருந்து மருத்துவ உதவிக்கு விண்ணப்பிக்கலாம். பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரையும் சந்தியுங்கள்.

வெளிநாட்டில் வாழும் உறவுகளுக்கும் ஒரு வார்த்தை. காசு அனுப்புகிறீர்கள், அது பெரிய உதவி. ஆனால் இணையத்தில் வாசித்ததை இரவு இரவாகத் தொலைபேசியில் சொல்லி, இங்குள்ள வைத்தியர்மீது நோயாளிக்கிருக்கும் நம்பிக்கையைக் குலைக்காதீர்கள். சந்தேகம் இருந்தால் அறிக்கைகளை வாங்கி அங்குள்ள வைத்தியரிடம் காட்டி, எழுத்தில் கருத்துப் பெற்று அனுப்புங்கள். அதைவிட முக்கியமாக, கிளினிக் நாளில் உடன் செல்வதற்கு ஓர் ஆளையும் வாகனத்தையும் ஒழுங்கு செய்து கொடுங்கள்.

வலி

வலியைத் தாங்குவது வீரமன்று. மோர்பின் என்றதும் கடைசிக் கட்டம் வந்துவிட்டது என்றோ அடிமையாகிவிடுவோம் என்றோ அஞ்சுகிறார்கள். வைத்தியர் சொல்லும் அளவில் வலிக்காக எடுக்கும் மோர்பின் மனிதனை நித்திரை கொள்ளவும் உண்ணவும் பேசவும் வைக்கின்றது. வலி தணிக்கும் பராமரிப்பு என்பது சாகப்போகிறவர்களுக்கு மட்டும் உரியதும் அன்று. சிகிச்சை நடக்கும்போதே அதைக் கேட்டுப் பெறலாம்.

எனது ஐந்து வருடக் கண்காணிப்பு முடிந்துவிட்டது. ஆரம்பத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்த சி.ஈ.ஏ. இரத்தப் பரிசோதனையின் முடிவைப் பிரிக்கும்போது கை நடுங்கும். சிகிச்சை முடிந்த பின்னரும் பயம் முடிவதில்லை என்பதையும் புதியவர்கள் அறிந்திருப்பது நல்லது. அது கோழைத்தனமில்லை. அந்தப் பயத்தினால் கிளினிக் திகதியைத் தவறவிடுவதுதான் கூடாது.

நாளை முதல்முறையாகச் செல்லவிருப்பவர்கள் இன்றிரவே எடுத்து வைக்க வேண்டியவை: கோவை, அடையாள அட்டை, கேள்விகள் எழுதிய கொப்பி, பேனா, சுடுதண்ணீர், கட்டிய சாப்பாடு, ஒரு சால்வை. உடன் ஒரு மனிதர். காலையில் வெள்ளெனப் புறப்படுங்கள்.